பூட்டானுக்குள் நுழைய ஏன் இரவுக் கணக்கில் கட்டணம்?

சென்னையில் இருக்கும் ஒருவர், கொழும்பில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன், கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா. மூவரும் சேர்ந்து பூட்டானில் ஐந்து இரவு தங்கப் போவதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்காரர் இந்திய பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, இரவுக்கு 1,200 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் கட்டுவார். மற்ற இருவரும் முன்கூட்டியே இணையத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 40 டாலர், அப்புறம் இரவுக்கு 100 டாலர் வீதம் 500 டாலர், ஆக ஆளுக்கு 540 டாலர். இலங்கையும் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கில் இருக்கும் நாடுதானே என்று கேட்டால், அதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை அக்காவிடம் இருந்தாலும் பயனில்லை. பூட்டான் பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும்தான். இந்தத் தொகையில் அறை வாடகை, சாப்பாடு, கார் எதுவும் அடங்காது. நாட்டுக்குள் இருப்பதற்கு மட்டுமே இந்தப் பணம்.

கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. நேபாளத்துக்கு இந்தியர்கள் ஒரு பைசா கட்டாமல் போய்வருகிறார்கள். வெளிநாட்டவர்கூட காத்மாண்டு விமான நிலையத்தில் 30 டாலர் கட்டினால் 15 நாள் தங்கலாம். பக்கத்திலேயே இருக்கும் பூட்டானுக்கு மட்டும் ஏன் இப்படி? பணக்காரர்களுக்கு மட்டுமான நாடா அது?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டணத்துக்குப் பின்னால் ஐம்பது வருட அரசியல் இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் விசாவை வைத்து 'யார் வரலாம்' என்று வடிகட்டுகின்றன. பூட்டான் அதில் பெரிதாக முரண்டு பிடிப்பதில்லை. எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நாள் இருக்கிறார்கள் என்பதை விலையை வைத்துக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. அந்த விலை எப்படி வந்தது, ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று தெரிந்தால்தான் இன்றைய விதிகள் பிடிபடும்.

1958இல் பிரதமர் நேரு பூட்டானுக்குப் போனபோது அங்கே வண்டி போகும் சாலையே கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைத் தாண்டி, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக, குதிரையிலும் மலைப்பாதையிலும் நாள் கணக்கில் பயணம் செய்துதான் பாரோவை அடைந்தார். அந்தச் சமயத்தில் வடக்கே திபெத் சீனாவின் கைக்குப் போயிருந்தது. தனியாக ஒதுங்கியிருப்பது இனிப் பாதுகாப்பில்லை என்று பூட்டான் அரசகுலம் முடிவெடுத்த காலம் அது. 1961இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் தந்தக் திட்டம் தொடங்கியது. எல்லை ஊரான புண்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்கு முதல் தார்ச்சாலை வந்தது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினர். 1974இல் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழா. விழாவுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களைத் தங்கவைக்க விடுதிகள் கட்டினார்கள். விழா முடிந்ததும் அந்த விடுதிகளை என்ன செய்வது? அதே ஆண்டில் பூட்டான் முதல்முறையாகச் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விட்டது. நாளொன்றுக்கு ஆளுக்கு 130 டாலர். 1974இல் அது பெரிய தொகை.

அந்த விலையை வைத்தவர்களின் கண்முன்னே நேபாளம் இருந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகக் கிளம்பிய ஹிப்பி இளைஞர்கள் காத்மாண்டுவில் வந்து குவிந்தார்கள். கையில் பணம் குறைவு, தங்குவதோ மாதக்கணக்கில். நாட்டுக்கு வரவு சொற்பம், தலைநகரத்தின் முகமே மாறிப்போனது. சில லட்சம் மக்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சாலைகளும் கொண்ட பூட்டான் அந்த அலையைத் தாங்கியிருக்காது. சிக்கிம் என்ற பக்கத்து அரசு 1975இல் இந்தியாவோடு இணைந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தனித்துவமாக இருப்பது பூட்டானுக்கு ஆசையாக மட்டும் இருக்கவில்லை, நாடாக நீடிப்பதற்கான வழியாகவும் இருந்தது. 'அதிக மதிப்பு, குறைந்த எண்ணிக்கை' என்று அவர்கள் சொல்லும் கொள்கையின் வேர் இங்கேதான்.

மலைகள் விஷயத்திலும் இதே மனம்தான். நேபாளம் எவரெஸ்ட்டுக்கு அனுமதிச் சீட்டு விற்றுப் பெரும் பணம் பார்க்கிறது. பூட்டான் 1994இல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதற்குத் தடை போட்டது. 2003இல் மலையேற்றத்தையே முழுவதுமாக நிறுத்தியது. சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம் என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. அதனால்தான் 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும், உலகில் யாரும் ஏறாத சிகரங்களில் மிக உயரமானது என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. நிறையப் பணம் தரக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்ட அரசு இது. கட்டணமெல்லாம் வெறும் வசூல் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்துக்குத் திரும்புவோம். 1974க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு வெளிநாட்டவருக்கு இருந்தது ஒரு தொகுப்பு விலை. 2012க்குப் பிறகு கூட்டமான மாதங்களில் நாளுக்கு 250 டாலர், மற்ற மாதங்களில் 200. இந்த இடத்தில்தான் இன்றும் நிறைய பேர் குழம்புகிறார்கள். "முன்பு 250, இப்போது 100தானே, குறைந்துவிட்டதே" என்கிறார்கள். அந்த 250க்குள் மூன்று நட்சத்திர விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாமே அடங்கியிருந்தன. அரசு தனக்கென்று எடுத்துக்கொண்டது அதில் 65 டாலர். 2022இல் வந்த சுற்றுலா வரிச் சட்டம் தொகுப்பு விலையை ஒழித்தது. விடுதியையும் வண்டியையும் அவரவர் பேரம் பேசிக்கொள்ளலாம் என்றது. அரசின் பங்கை மட்டும் 65இலிருந்து 200 டாலராக உயர்த்தியது. அதன் பெயர் நிலையான வளர்ச்சிக் கட்டணம், சுருக்கமாக எஸ்டிஎஃப். ஆக, பழைய 250ஐ இன்றைய 100 டாலரோடு ஒப்பிடுவது தவறு. 65ஓடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் இப்போதும் விலை கூடியே இருக்கிறது.

200 டாலர் என்ற தொகை வந்த நேரம் மோசமானது. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக மூடிய எல்லையை 2022 செப்டம்பர் 23 அன்றுதான் திறந்தார்கள். இரண்டரை ஆண்டு வருமானமில்லாமல் கிடந்த விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் கைவினைக் கடைக்காரர்களும் முதல் பயணிக்காகக் காத்திருந்தபோது, பயணிக்கு முன்னால் மும்மடங்கு கட்டணத்தை வைத்தால் என்ன ஆகும்? எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2023 ஜூனில் நான்கு நாளுக்குக் கட்டினால் நான்கு நாள் இலவசம் என்பது போன்ற சலுகைகளை அறிவித்தார்கள். அதுவும் போதாமல், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் கட்டணத்தைப் பாதியாக்கி 100 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். கொள்கை சரி, அளவு தவறு என்பது என் கருத்து. ஆனால் ஒரே ஆண்டுக்குள் பின்வாங்கும் நெகிழ்வு அந்த அரசிடம் இருந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, இந்தியர்கள் கதைக்கு வருவோம். 1949இல் டார்ஜிலிங்கில் கையெழுத்தான நட்பு ஒப்பந்தமும் அதைப் புதுப்பித்த 2007 ஒப்பந்தமும் இரு நாட்டு உறவின் அடித்தளம். இந்தியர்களுக்கு பூட்டானில் விசா இல்லை, பூட்டான்காரர்களுக்கு இந்தியாவில் விசா இல்லை. அவர்கள் படிக்க வருகிறார்கள், புத்த கயாவுக்கு யாத்திரை வருகிறார்கள், மேல்சிகிச்சைக்காக அந்நாட்டு அரசு அனுப்பும் நோயாளிகள் வேலூர் வரை வருகிறார்கள். அந்நாட்டு நாணயமான நுல்ட்ரத்தின் மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமமாகவே 1974 முதல் கட்டப்பட்டிருக்கிறது. 2021 ஜூலையில் நம் யுபிஐ க்யூஆர் முறையை ஏற்ற முதல் வெளிநாடும் பூட்டான்தான்.

இவ்வளவு நெருக்கம் இருந்ததால் 250 டாலர் தொகுப்பு விலை இந்தியர்களுக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை. வங்கதேசம், மாலத்தீவுப் பயணிகளுக்கும் அதே விலக்கு இருந்தது. நீண்ட காலம் இதனால் பிரச்சினை எழவில்லை. வட இந்தியாவில் சாலைகளும் சம்பளங்களும் விமானச் சேவைகளும் வளர்ந்தபோது நிலைமை மாறியது. 2019இல் பூட்டானுக்கு வந்த பயணிகள் 3 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். அந்நாட்டின் மக்கள்தொகையே எட்டு லட்சத்தைத் தொடாது. வந்தவர்களில் முக்கால் பங்கு இந்த மூன்று நாட்டவர், அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். குறைந்த எண்ணிக்கை என்ற கொள்கை, டாலர் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றாகிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் தோச்சுலா கணவாயில் இருக்கும் நினைவு ஸ்தூபிகளில் ஒன்றின் மேல் இந்திய பைக் பயணி ஒருவர் ஏறி நின்ற படம் பரவி, பூட்டான் மக்களை ரொம்பவே புண்படுத்தியது. நம் கோயில் கோபுரத்தில் யாராவது செருப்புக் காலோடு ஏறி நின்றால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இந்த மூன்று நாட்டவருக்கும் இரவுக்கு 1,200 நுல்ட்ரம் கட்டணம் விதித்தது. ஜூலையில் அமலுக்கு வரவேண்டியது; அதற்குள் கோவிட் எல்லையை மூடிவிட்டது. எனவே இந்தியர்கள் அதை உண்மையில் கட்டத் தொடங்கியது 2022 செப்டம்பரில்தான். அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 1,200 என்ற விலை இந்தியருக்கு மட்டும் என்றாகிவிட்டது. வங்கதேசத்துக்கும் மாலத்தீவுக்கும் விசா வகையில் சலுகை தொடர்ந்தது, கட்டண விலக்கு போய்விட்டது. இந்தியாவோடு இருக்கும் உறவின் கனத்தைக் காட்டும் எண் அந்த 1,200. பிரான்ஸ், அமெரிக்கா, சீனா உட்பட ஐநா பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்றோடும் பூட்டானுக்குத் தூதரக உறவு கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கனம் இன்னும் நன்றாகத் தெரியும். விசாவை இணையம் வழியாகவே, திம்புவிலிருந்தே வழங்குவதற்கும் இது ஒரு காரணம். உலகம் முழுக்கத் தூதரகம் வைத்திருக்கும் நாடு இல்லை அது.

இனி, தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள். முதலாவது, ஆதார். உள்நாட்டு விமானத்துக்கு ஆதார் போதும் என்ற பழக்கத்தில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லை வரை போய்விடுகிறார்கள். பூட்டான் ஆதாரை ஏற்பதில்லை. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இல்லையென்றால் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. பாஸ்போர்ட் இல்லாத, 18 வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ உடன் இருக்க வேண்டும். நம் ஊராட்சிகளில் தமிழில் மட்டும் வாங்கி வைத்திருக்கும் பழைய சான்றிதழ் பலரிடம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே மாற்றி வாங்கிவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கட்டணத்தில் குழந்தைகளுக்குச் சலுகை உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை பாதி, அதற்குக் கீழே இலவசம். அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன் என்றால் இரவுக்கு 3,000 ரூபாய். ஐந்து இரவுக்கு 15,000. பயணச் செலவைத் திட்டமிடும்போது இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். "பேக்கேஜ் இவ்வளவுதான்" என்று விளம்பரம் பண்ணுகிற ஏஜென்டுகளில் சிலர் எஸ்டிஎஃப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எஸ்டிஎஃப் சேர்த்தா, சேர்க்காமலா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வழி. சென்னையிலிருந்து பூட்டானுக்கு நேரடி விமானம் கிடையாது. வெளிநாடுகளிலிருந்து வரும் விமானங்கள் இறங்குவது பாரோவில். ட்ரூக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் என்ற அந்நாட்டு நிறுவனங்கள் இரண்டும் டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்களிலிருந்து அங்கே பறக்கின்றன. மலைகளுக்கு நடுவே, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஓடுபாதை அது. விமானிகள் கண்ணால் பார்த்து இறக்க வேண்டியிருப்பதால் பகல் வெளிச்சத்தில்தான் சேவை. பருவநிலை மோசமானால் விமானம் தாமதமாகும், ரத்தும் ஆகும். பாரோவிலிருந்து வந்து அதே நாளில் கொல்கத்தாவில் சென்னை விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

தரைவழிதான் நம்மவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது. பாக்டோக்ரா வரை விமானம், இல்லாவிட்டால் நியூ ஜல்பாய்குரி வரை ரயில். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் அந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போனால் மேற்கு வங்கத்தின் ஜெய்கான். ஜெய்கானையும் பூட்டானின் புண்ட்ஷோலிங்கையும் பிரிப்பது ஒரு சுவரும் வளைவும் மட்டுமே. அந்தப் பக்கம் போனதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். புண்ட்ஷோலிங் போன்ற எல்லை ஊர்களில் 24 மணி நேரத்துக்குள் என்றால் எஸ்டிஎஃப் கிடையாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கட்டணமில்லாமல் திம்பு வரை போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ரிஞ்செண்டிங் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அனுமதியை முன்பே இணையத்தில் எடுத்துவிடலாம். எல்லையிலுள்ள குடிவரவு அலுவலகத்தில் நேரிலும் எடுக்கலாம். புகைப்படம், தங்கும் இடத்தின் முன்பதிவு, எந்த நாள் எந்த ஊர் என்ற பயணத் திட்டம் இவை தேவைப்படும்.

சொந்தக் காரிலோ பைக்கிலோ போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பதிவெண் வண்டிக்கு நாள் கணக்கில் தனிக் கட்டணம் இருக்கிறது, ஓர் ஆளின் எஸ்டிஎஃப்பைவிடப் பெரிய தொகை. பெரும்பாலானவர்கள் புண்ட்ஷோலிங்கில் பூட்டான் வண்டியை அமர்த்திக்கொள்வதற்கு இதுதான் காரணம். திம்பு, பாரோவைத் தாண்டிப் புனாகா போன்ற இடங்களுக்குப் போக அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும். அதற்கும் நாள் கூலி. தக்சங் மடம் போன்ற இடங்களில் நுழைவுச் சீட்டு தனி. இவற்றையெல்லாம் கூட்டினால் 1,200 ரூபாய் என்பது மொத்தச் செலவின் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும்.

வசூலிக்க வேறு வழிகளும் இருக்கின்றன. மாலத்தீவு ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கியதும் 30 நாள் இலவச விசா கொடுக்கிறது. அங்கே வாசலில் காசு இல்லை. ஆனால் விடுதிப் பில்லில் ஆளுக்கு, இரவுக்குப் பசுமை வரி ஏறும். பெரிய ரிசார்ட்டுகளில் 2025 ஜனவரி முதல் அது 12 டாலர். கடலும் தீவும் உள்ள நாடு எத்தனை பேர் வந்தாலும் வெவ்வேறு தீவில் பிரித்து வைத்துக்கொள்ளலாம், அதனால் வாசலைத் திறந்துவிட்டுப் படுக்கையில் வரி போடுகிறது. பூட்டானில் எல்லாரும் ஒரே சாலையில், அதே மூன்று பள்ளத்தாக்குகளில், அதே மடங்களில்தான் சேர்வார்கள். அரசியலமைப்புச் சட்டமே நாட்டின் 60 சதவீதம் எக்காலத்துக்கும் காடாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது புதிய ஊர்களை விரித்துக் கட்டவும் வழியில்லை. இந்த நாட்டுக்கு வாசலில் விலை வைப்பதே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பணம் போவதும் இலவச மருத்துவமும் இலவசக் கல்வியும் தருகிற ஓர் அரசின் கருவூலத்துக்கு.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. இரவுக் கணக்கில் கட்டணம் போட்டால் பயணி அவசரப்படுவார். நான்கு இரவு, பாரோ, திம்பு, புனாகா, திரும்பு. கிழக்கே இருக்கும் மோங்கார், டிராஷிகாங் போன்ற மாவட்டங்களுக்குப் போய்வர மலைச்சாலையில் கூடுதலாகப் பல நாள் தேவை. ஒவ்வொரு நாளுக்கும் வாசல் காசு ஏறிக்கொண்டே போனால் யார் போவார்கள்? நிதானமாகத் தங்கி, கிராமத்து வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே செலவு செய்கிற ஆள்தான் அந்த மண்ணுக்கு நல்ல விருந்தாளி. இந்தக் கணக்கு அவரைத்தான் அதிகமாகத் தண்டிக்கிறது. 2023இல் கொண்டுவந்த கூடுதல் நாள் இலவசம் என்ற யோசனை இந்தக் குறையைச் சரிசெய்யக்கூடியது. அதை ஒரு நிரந்தர விதியாக, கிழக்கே போகிறவர்களுக்கென்றாவது வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் பூட்டான் இளைஞர்களில் சிலருக்காவது ஊரிலேயே வேலை அமைந்திருக்கும்.

வாசல்களே இனி மாறப்போகின்றன. அசாம் எல்லையில் இருக்கும் கெலெபுவில் ஒரு புதிய நகரம் கட்டப்போவதாக மன்னர் ஜிக்மே கேசர் நாம்கியேல் வாங்சுக் 2023 டிசம்பரில் அறிவித்தார். அங்கே பெரிய விமான நிலையமும் வருகிறது. 2025 செப்டம்பரில் இந்தியா இரண்டு ரயில் பாதைகளை அறிவித்தது: அசாமின் கோக்ரஜாரிலிருந்து கெலெபுவுக்கு 69 கிலோமீட்டர், மேற்கு வங்கத்தின் பனார்ஹட்டிலிருந்து சம்ட்சேக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ரயிலே கிடையாத நாட்டுக்குள் இந்திய ரயில் நுழையும்போது 1,200 ரூபாய் கூட்டத்தைத் தடுக்கப் போதுமா என்ற விவாதம் திம்புவில் கட்டாயம் எழும். 100 டாலர் சலுகைக்கும் கெடு இருக்கிறது: 2027 ஆகஸ்ட் 31 வரைதான். கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதற்குப் பிந்தைய தேதிக்கு விடுதி பதிவு செய்வதாக இருந்தால், பூட்டான் சுற்றுலாத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.